ஒரே இடத்தில் வெட்டப்படும் ரோடு

1997 அக்டோபர் 13, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். விசிறியை இரண்டில் வைத்தாலும் மூன்றில் வைத்தாலும் அதே காற்று. விடிந்ததும் வாசலில் மூன்று பேர்.

இன்றைய குறைகள்:
நாலாவது குறுக்குத் தெரு விளக்கு. பகலில் எரிகிறது, இரவில் இல்லை.
குப்பைத் தொட்டியை யாரோ தங்கள் வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்த்திவிட்டார்கள். இரண்டு வீடும் என்னிடம்.
மேரி. பள்ளத்தெரு. அதே மழைத்தண்ணீர்ப் பேச்சு.

மேரி மட்டும் உட்காரவில்லை. மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டதாம். தலைப்பிரசவம், தீபாவளி கழிந்ததும் அழைத்து வருகிறாளாம். "போன வருசம் கட்டில் மேல கட்டில் போட்டு ஒக்காந்திருந்தோம்க்கா. இந்த வருசம் பிள்ளைத்தாச்சிய எங்க ஒக்கார வெக்கிறது?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். இந்த ஒரு வருஷத்தில் 'பார்க்கிறேன்' எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கு இல்லை.

நகராட்சி உறுப்பினராகி இந்த மாதத்தோடு ஒரு வருஷம். ஐந்தாம் வகுப்பு என்பதை நோட்டீஸில் போடாதே என்றான் மகன். போட்டேன். ஜெயித்தேன்.

மதியம் அலுவலகம். பொறியாளரைப் பார்த்தேன் (இனி பொ. என்றே எழுதுகிறேன், கை வலி). மூன்று வருஷத்தில் நான்காவது ஆளாம் இவர். பள்ளத்தெரு எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். ரோடுதான் அணை மாதிரி மறிக்கிறது, தண்ணீர் ஏரிப்பக்கம் தாண்ட வழி இல்லை, அதனால் தெருவுக்குள் நிற்கிறது என்றேன். மழை வரட்டும், ஸ்பாட்டுக்கு வருகிறேன் என்றார். மழை வந்தால் ஸ்பாட் தண்ணீருக்கு அடியில் இருக்கும், தம்பி. சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை பயிற்சி வகுப்பு, எல்லா உறுப்பினரும் கட்டாயம் வரவேண்டுமாம். தாள் கொடுத்தார்கள்.

வாங்க: து. பருப்பு, ஊதுபத்தி, கண்ணாடிக்குக் கயிறு.

அக்டோபர் 15, புதன்

வானம் மூட்டம். விழவில்லை.

பயிற்சி, பல்லாவரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். பேனா, அட்டை, தயிர்சாதப் பொட்டலம். பேராசிரியர் ஒருவர், நல்ல மனுஷர், தொண்டை கட்டியிருந்தது. தலைப்பு: 'கற்கும் நிர்வாகம்'. திரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். செய். செய்ததைப் பார். ஏன் அப்படி ஆயிற்று என்று யோசி. மாற்று. மறுபடி செய். மனுஷன் மாதிரி அலுவலகமும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். சாகிறவரை படிப்பு என்பது மனுஷனுக்கு மட்டும் இல்லை, ஊருக்கும்தானாம்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதைத்தானே வருஷம் முழுக்கச் சொல்கிறேன். எனக்குப் பெயர் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஒரு வேலை கொடுத்தார். உங்கள் நிர்வாகம் செய்த ஒரு தவறை எழுதுங்கள் என்றார். எல்லோரும் கடகடவென்று எழுதினார்கள். வாங்கிப் படித்தார். கரண்டுக்காரன் தோண்டினான். டெலிபோன்காரன் தோண்டினான். குடிநீர்க்காரன் தோண்டிவிட்டு மூடவில்லை. நகராட்சி செய்த தவறு என்று ஒருவரும் எழுதவில்லை. பேராசிரியர் சிரித்துக்கொண்டே, இவ்வளவு நல்ல நகராட்சியை நான் பார்த்ததே இல்லை என்றார். யாருக்கும் குத்தவில்லை. கை தட்டினார்கள்.

நான் எழுதியது: ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. பொ.க்கள் செய்த தவறு. (அவர்கள், நான் இல்லை. அப்படித்தான் நினைத்து எழுதினேன்.)

எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். கற்றுக்கொண்ட அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் கற்றது யாரிடம் இருக்கும்? பின்வரிசையில் ஒருவர், "ஆயா பி.எச்.டி. பண்ணுது டோய்" என்றார். சிரிப்பு. பேராசிரியர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் மேடம் எனக்கும் பதில் வேணும். கருத்துப் படிவத்துல கண்டிப்பா எழுதுங்க," என்றார். படிவத்தில் மூன்று கட்டம். நிறைவு. மிக நிறைவு. மிக மிக நிறைவு. கேள்விக்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். படிவத்தை இழுத்து வாங்கும்போது கிழிந்து, நான் எழுதிய ஓரம் அட்டையோடு நின்றுவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

தூறல், ஐந்து நிமிஷம். மண் வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது.

வட்டம் மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அலுவலகம் போய்ச் சாலைப் பதிவேட்டைக் கேட்டேன். எதற்கு என்றார் கிளார்க். படிக்க என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அதை நான் பார்த்தேன், பார்த்ததை அவரும் பார்த்தார். பதிவேடு வந்தது.

விரல் வைத்துத்தான் படிப்பேன். வெட்கம் இல்லை.

மூன்று வருஷம் முன்: பம்ப் அறை அருகில் பொதுமக்களால் சாலை சேதப்படுத்தப்பட்டது. சரிசெய்யப்பட்டது.
இரண்டு வருஷம் முன்: அதே வரி. அதே இடம்.
போன வருஷம்: அதே வரி. கையெழுத்துதான் வேறு. 'பொதுமக்களால்' என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது.

பம்ப் அறை பள்ளத்தெருவை ஒட்டித்தான். தண்ணீர் நின்றால் ஜனங்கள் ரோட்டை வெட்டுவார்கள். நாம் மூடுவோம். மூடியதும் மேலே தார். அடுத்த மழைக்கு இன்னும் உயரம், இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று வருஷம் வெட்டுகிறார்கள் என்றால் அது சேதமா? தண்ணீர் போக வழி அதுதான் என்று ஊரே கடப்பாறையால் எழுதிக் காட்டுகிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

டீக்கடையில் ஏகாம்பரம். சாலை வேலை மேஸ்திரி, வருஷா வருஷம் அந்தக் குழியை மூடுகிற ஆள். கேட்டேன். "இன்னா ஆயா, பதினோரு வருசமா நான்தான் மூடிகினு கீறேன். அடியில பழைய கல்வர்ட் ஒண்ணு கீது. கருங்கல்லு. வாய் அடைஞ்சி பூட்ச்சி. அதுக்கு மேலதான் ஜல்லி கொட்றோம்," என்றார். ரோட்டுக்கு அடியிலேயே தண்ணீர் தாண்டுகிற வழி. இருக்கிறது. பொ.விடம் சொன்னீர்களா என்றேன். "எந்த இஞ்சினீரு? பேர் கத்துக்கிறதுக்குள்ள மாறிப் பூட்றாங்கோ." பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "மூடுன்னுவாங்கோ, மூடுவேன். இன்னா கீதுன்னு ஒருத்தனும் கேக்கல," என்றார்.

நானும் ஒரு வருஷமாகக் கேட்கவில்லையே.

அக்டோபர் 19, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

பேத்தி டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் முதல் வகுப்பு. தெருவில் ஆறு வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். "ஏழாவது வீட்டுல பூட்டு தொங்குது அத்தை, இல்லேன்னா அதுவும் போயிருப்பீங்க," என்கிறாள் மருமகள் வசந்தா. சொல்லட்டும். எங்கள் வீட்டில் மெஷினில் எழுத்து அடிக்கிற முதல் கை.

மதியம் பழைய தாள்களை அடுக்கினேன். பையில் ஒரு வருஷத்து நகராட்சித் தாள். ஏப்ரல் மாதத்தில் ஒன்று, என் கையெழுத்தோடு. விரல் வைத்துப் படித்தேன்.

'தற்போதுள்ள சாலை மட்டத்தின் மேல் இரு அடுக்குகளாகத் தார்த்தளம் அமைப்பதில் வார்டு உறுப்பினருக்கு ஆட்சேபணை இல்லை.'

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு.

ஞாபகம் வருகிறது. முந்தைய பொ. வந்தார். சுற்றி நாலு பேர். அம்மா, ரோடு போடுறதுக்கு ஒரு கையெழுத்து என்றார். ரோடு வருகிறது என்ற சந்தோஷம். மூன்று பக்கம். விரல் வைத்துப் படித்தால் அரைமணி ஆகும். நாலு பேர் நிற்கும்போது விரல் வைக்க மனசு வரவில்லை. படித்த மாதிரி பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போட்டேன். நல்ல அழகாக, சுழித்து.

வெட்கம் இல்லை என்று வியாழக்கிழமை எழுதியிருக்கிறேன். பொய்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. வசந்தாவிடம் அஜீரணம் என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

நல்ல மழை காலையில். மன்றக் கூட்டம்.

பள்ளத்தெரு பற்றி எழுந்து பேசினேன். மூன்று வருஷப் பதிவேடு, பழைய கல்வர்ட், ஏகாம்பரம் சொன்னது, எல்லாம். பேராசிரியரின் வட்டத்தைக்கூடக் கையால் போட்டுக் காட்டினேன். நன்றாகத்தான் பேசினேன். என் கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பொ. எழுந்தார். கோப்பைப் புரட்டினார். வார்டு உறுப்பினரின் சம்மதம் பெற்றே சாலை உயர்த்தப்பட்டது என்று படித்தார். மரியாதையாகத்தான் படித்தார். அதுதான் அதிகம் சுட்டது. பதினாறாவது வார்டா என்று யாரோ கேட்டார்கள். அவுங்கதான் என்று இன்னொருவர். அது வேறு விஷயம், இது வேறு விஷயம் என்று என்னவோ உளறினேன். தலைவர், "கமலம்மா, நீங்களே போட்டு நீங்களே எதிர்த்தா நாங்க இன்னா பண்றது?" என்றார். ஒத்திவைப்பு. இரண்டு நிமிஷத்தில் அடுத்த பொருள், மார்க்கெட் சுண்ணாம்பு.

பேச வேண்டிய ஒரு வரியை விட்டேன். அந்த ஒரு வரியால் மற்றதெல்லாம் வீண்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் கொடுத்தார்கள், உட்காரவில்லை.

நவம்பர் 1, சனி

தீபாவளி முடிந்தது. தெரு முழுக்க வெடித் தாள், மழையில் ஊறிச் சிவப்பாக ஓடுகிறது. காற்றழுத்தமாம், ரேடியோ.

மேரி மகளை அழைத்து வந்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். கால் வீங்கியிருக்கிறது. அதிரசம் கொடுத்தேன், இரண்டு சாப்பிட்டது பெண். வாசல்படிக்கு மேல் மேரி மூன்று வரிசைச் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறாள். செங்கலைத் தாண்டித்தான் அந்தப் பெண் உள்ளே போகவேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டு நாள் விடாத மழை. எழுத நேரமில்லை, சுருக்கமாக.

விடிகாலை ஐந்தரை. பள்ளத்தெருவில் முழங்கால் தண்ணீர். மேரி வீட்டுச் செங்கலில் இரண்டு வரிசை மூழ்கிவிட்டது. ஆண்கள் ஏழெட்டுப் பேர் கடப்பாறையோடு பம்ப் அறைக்குப் போனார்கள். யாரும் யாரிடமும் எங்கே என்று கேட்கவில்லை. நேரே அதே இடம். குடையோடு நான் போய் நின்றேன். என்னைப் பார்த்து ஒருவர் கடப்பாறையை இறக்கினார். "உறுப்பினரு வந்துகீது, இன்னாண்ட்றே?" என்றார் இன்னொருவரிடம். குடையை மாற்றிப் பிடித்தேன். வெட்டினார்கள்.

ஏப்ரலில் போட்ட தாரையும் சேர்த்து வெட்ட ஒன்றரை மணி. போன வருஷம் முக்கால் மணியில் முடிந்ததாம். அந்த அதிகப்படி முக்கால் மணி என் கையெழுத்து.

தண்ணீர் புரண்டு ஏரிப்பக்கம் பாய்ந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் தெருவில் சேறு மட்டும். மேரி வீட்டுக்குள் ஏறவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை விட்டுவிட்டு. பஸ் வரவில்லை, ரோடு வெட்டியிருக்கிறதே.

பொ. வீட்டுக்கே வந்தார். வெட்டியவர்கள் பெயர் வேண்டுமாம். வருஷா வருஷம் 'பொதுமக்கள்' என்று எழுதுவதால்தான் குளிர் விட்டுப்போகிறது, இந்தத் தடவை பெயரோடு போலீஸில் புகார் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். நீங்கள் அங்கே நின்றதாகச் சொல்கிறார்களே என்றார். நின்றேன் என்றேன். யார் யார் என்றார். மழை, கண்ணாடியில் தண்ணீர், தெரியவில்லை என்றேன்.

அவருக்கும் கோபம் வந்தது. சின்ன வயசு. "எனக்கு மட்டும் ஆசையாம்மா? வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். மூடச் சொல்லித் தீர்மானம் வரும். மூடலேன்னா என்னைக் கேப்பாங்க," என்றார். பழைய கல்வர்ட்டைத் திறந்து குழாய் போடலாமே என்றேன். அதற்குத் தீர்மானம் இல்லை என்றார். மூடுவதற்கு மட்டும் வருஷா வருஷம் உண்டு.

காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். நல்ல பிள்ளைதான். நாலு மாதத்தில் அவரும் மாறிப்போவார்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. எனக்குக் காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை, பயம்.

அவசரக் கூட்டம். பொருள்: பம்ப் அறை அருகில் சேதம், உடனே மூட. தலைவர் தாளைச் சுற்றுக்கு விட்டார். வழக்கம்போல ஒவ்வொருவராகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். என்னிடம் வருமுன் எழுந்தேன். இந்தத் தடவை முதலிலேயே அந்த வரி.

"ஏப்ரல்ல நான் போட்ட கையெழுத்து படிக்காம போட்டது. எனக்கு விரல் வெச்சுத்தான் படிக்க வரும். நாலு பேர் முன்னாடி விரல் வெக்க வெட்கப்பட்டுக்கிட்டு போட்டேன். தப்பு என்னுது. அதை மினிட்ஸ்ல எழுதுங்க."

சிரிப்பார்கள் என்று இருந்தேன், சிரித்திருந்தால்கூடத் தேவலை. கிளார்க் மெதுவாக, தப்பு என்று எழுத மினிட்ஸில் வழக்கம் இல்லை என்றார். 'உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதலாமாம். கருத்து இல்லை ஐயா, தப்பு என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

பிறகுதான் வேடிக்கை. கையெழுத்துப் போட்டிருந்த ஒன்பதாம் வார்டுக்காரர் தாளைத் திரும்பக் கேட்டார். படிக்க வேண்டுமாம். அவரைப் பார்த்து இன்னொருவர். ஐந்து நிமிஷத்தில் எல்லாத் தலையும் குனிந்து தாளில். ஒருவர் உதடு அசைத்துப் படித்தார், பி.ஏ. படித்தவர். கடைசியில் ஒருவரும் போடவில்லை. மூடவும் தீர்மானம் இல்லை, குழாய்க்கும் இல்லை. கலைந்தார்கள்.

பேராசிரியர் பார்த்திருந்தால் என்ன சொல்வாரோ. அலுவலகம் ஒன்று கற்றுக்கொண்டது: கையெழுத்துப் போடாதே.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். அவள் இரண்டாவது தடவை ரசம் ஊற்றினாள்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். குழி திறந்தே கிடக்கிறது. பள்ளத்தெரு காய்ந்திருக்கிறது. பஸ் ஒரு வாரமாக இல்லை.

இப்போது மேல் பக்கத்து ஜனம் என் வாசலில்.
ஆபீஸ் போகிறவர்: ரயிலடிக்கு ஒரு மைல் நடக்கிறேன்.
டீச்சர்: இரண்டு நாள் லேட், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை.
பால் வண்டிக்காரர் திட்டினார், பாலையும் கொடுத்தார்.

எல்லாம் நியாயம். ஒருத்தரிடமும் கோபப்பட முடியவில்லை. அதனால் கோபம் உள்ளேயே சுற்றுகிறது. எண்ணெய்ச் சட்டியைப் படாரென்று வைத்தேன். வசந்தா திரும்பிப் பார்த்தாள்.

பேத்தியை அவள் இன்ஸ்டிட்யூட் மெஷினில் உட்காரவைத்து ஒரு மனு. நான் சொல்லச் சொல்ல அடித்தாள். குழாய் போடுங்கள், மேலே பஸ் போகட்டும், கீழே தண்ணீர் போகட்டும். பதினொரு வரி. பொ.விடம் நேரில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, தலைவரிடம் பேசுகிறேன் என்றார். 'பார்க்கிறேன்' இல்லை. 'பேசுகிறேன்'.

நவம்பர் 13, வியாழன்

வானம் கறுப்பு. மதியமே விளக்குப் போட வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு பொ. ஓடி வந்தார், சட்டை நனைந்து. அவசர வேலை என்று தலைவர் ஒத்துக்கொண்டுவிட்டாராம், குழாய்க்கு. வார்டு உறுப்பினர் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. மேரி எப்படியோ கேள்விப்பட்டு அவர் பின்னாலேயே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து இடுப்பு வலி விட்டுவிட்டு வருகிறதாம்.

மூன்று பக்கம். நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு விரலை வைத்தேன். பொ. கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கம் சரி. மூன்றாம் பக்கம், குழாய் பதிக்கும் இடம்: பிள்ளையார் கோயில் எதிரில்.

பிள்ளையார் கோயில் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் அங்கே ஏறிப் போகுமா.

பொ. வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஏதோ பழைய மதிப்பீட்டைப் பார்த்து கிளார்க் எழுதியிருக்கிறார். "இப்ப போட்டுடுங்கம்மா. இடத்தை அப்புறம் திருத்திக்கலாம். இன்னிக்குப் போகலேன்னா அடுத்த மாசம்தான்," என்றார். மேரி என் முழங்காலைத் தொட்டாள். "போட்டுடுக்கா. இந்த ஒரு தபா."

பேனா கையில். மேரி கை முழங்காலில்.

மூடியைத் திருகிவிட்டேன். பம்ப் அறை என்று மாற்றி வந்தால் போடுகிறேன் என்றேன். மேரி எழுந்து போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. பொ. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நீங்கதாம்மா கெடுக்கறீங்க என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

மணி நாலு. அலுவலகம் ஐந்தே முக்கால் வரை. கூட அழைத்துப் போகப் பேத்தியை எழுப்பிவிட்டேன், அங்கே இருக்கிற மெஷினில் அந்த ஒரு வரியை அவளே அடிக்கட்டும். கல்வர்ட் இருக்கிற இடத்தை வந்து சொல்ல ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று. வசந்தா குடையைத் தேடுகிறாள். பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது.